பந்து எங்கே போனது என்று பாருங்கள், கிளப் எப்படி மோதியது என்று தெரியும்: கோல்ஃப் அடியின் கோளாறுகளும் திருத்தங்களும்

கோல்ஃபில் பந்தை அடிக்கும் கோலுக்குக் கிளப் என்று பெயர். அதில் நெடுந்தூர அடிக்கானது ட்ரைவர். பல மாதங்களாக என் ட்ரைவர் அடி வலப்பக்கம் வளைந்துகொண்டே இருந்தது. பிடியை மாற்றினேன், நிற்கும் நிலையை மாற்றினேன், தோளைத் திருப்பும் விதத்தையும் மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. ஒருநாள் கிளப்பின் முகத்தில், அதாவது பந்தில் படும் பரப்பில், கொஞ்சம் பவுடர் பூசிவிட்டு அடித்துப் பார்த்தேன். பத்து அடியில் எட்டின் தடம் தண்டை ஒட்டிய ஓரத்தில் விழுந்திருந்தது. பந்திலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி நின்றேன், வளைவு பாதிக்குப் பாதி குறைந்தது. அத்தனை மாதமும் கோளாறே இல்லாத இடத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து வரிசையை மாற்றிக்கொண்டேன். பந்து செய்ததிலிருந்து பின்னோக்கிப் போய், மோதிய கணத்தில் கிளப் எப்படி இருந்தது என்று முதலில் கண்டுபிடிப்பது. உடம்பைத் திருத்துவது அதற்கப்புறம். கீழே உள்ளதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் வலத்தையும் இடத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த அரை மில்லிநொடி

ட்ரைவரும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய 0.0005 நொடி. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, கிளம்பிவிடுகிறது. கிளப்பின் தலை (முகம் உள்ள நுனிப்பகுதி) அந்த நேரத்தில் நகரும் தூரம் 2 செ.மீ. அளவுதான். விதிப்படி 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாத ஒரு பந்தை, இவ்வளவு குறைந்த நேரத்தில் மணிக்கு 250 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், சராசரியாக 650 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். உச்சத்தில் அது ஒரு டன்னை எட்டும். இதற்கு முன்னால் கைப்பிடியின் பலம் ஒரு பொருட்டே இல்லை. மோதிய அதிர்வு தண்டில் ஏறிக் கைக்கு வந்து, கை அதற்கு ஏதாவது செய்து, அது மறுபடி தலைக்கு இறங்குவதற்குள் பந்து போயே போய்விட்டிருக்கும். ஆகவே மோதும் நேரத்தில் ட்ரைவர் தலை தண்டோடு சேர்ந்த பொருளாக நடந்துகொள்வதில்லை. தனியாகப் பறந்து வந்த 200 கிராம் கட்டி போலத்தான் நடந்துகொள்கிறது.

பந்துக்குத் தெரிவது ஐந்தே விஷயம்: தலையின் வேகம், தலை நகரும் திசை, முகம் பார்க்கும் திசை, முகத்தின் சாய்வு, முகத்தில் பட்ட இடம். உங்கள் இடுப்பு சுழன்றதா, உங்கள் தலை நிமிர்ந்ததா என்பதெல்லாம் இந்த ஐந்தின் வழியாக மட்டுமே பந்துக்குப் போய்ச் சேரும்.

இவற்றில் கடைசியைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை முகத்தில் மெல்லிய படலமாக அடித்தால் போதும், பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அதோடு, வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கைபேசியின் வேகக் கேமராவை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். நொடிக்கு 240 படம் எடுத்தாலும் இரண்டு படங்களுக்கு இடையே 4 மில்லிநொடிக்கு மேல் ஓடிவிடும். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் தலை அதற்குள் 17 செ.மீ. கடந்திருக்கும். மோதல் முழுவதும் இரண்டு படங்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

அறிகுறி: வளையாமல் நேராகப் போகிறது, ஆனால் இலக்குக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ

இதுதான் இருப்பதிலேயே எளிய நோய். வளைவு இல்லையென்றால் முகம் பார்த்த திசையும் தலை நகர்ந்த திசையும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்து தவறான பக்கம் போயிருக்கின்றன, அவ்வளவுதான். வலப்பக்கம் போனால் புஷ் (push), இடப்பக்கம் போனால் புல் (pull). ஸ்விங்கை, அதாவது கிளப்பை வீசும் முறையை, தொடாதீர்கள். பாதங்களின் வரிசையில் ஒரு கிளப்பைக் கிடத்திவிட்டுப் பின்னால் போய் நின்று பாருங்கள். பெரும்பாலும் நிற்கும் கோடே இலக்கைப் பார்த்திருக்காது. அது சரியாக இருந்தால், பந்தை வைக்கும் இடத்தை ஒரு பந்தளவு முன்பின் நகர்த்துங்கள். தலை ஒரு வில் போன்ற பாதையில்தான் வருகிறது. வில்லின் தொடக்கத்தில் அது வலப்பக்கம் நோக்கியும், இலக்கை நெருங்கும் கடைசிப் பகுதியில் இடப்பக்கம் நோக்கியும் போகும். பந்தை முன்னால் வைத்தால் புல், பின்னால் வைத்தால் புஷ்.

அறிகுறி: வலப்பக்கம் வளைந்துகொண்டே போகிறது

ஸ்லைஸ். கோல்ஃபில் அதிகப் பேரை வருத்தும் கோளாறு இது. காரணம் இரண்டு இருப்பதால் குழப்பமும் இதில்தான் அதிகம்.

முதலில் பந்து *கிளம்பிய* திசையைப் பாருங்கள். வளைவை அப்புறம் பார்க்கலாம். பந்து தலை நகரும் பாதையில்தான் கிளம்புகிறது, பிறகு முகம் பார்க்கும் பக்கம் வளைகிறது என்று நீண்ட காலம் சொல்லிக்கொடுத்தார்கள். அது தலைகீழ். ட்ரைவரில் கிளம்பும் திசையைத் தீர்மானிப்பதில் முகத்தின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் நான்கு, பாதையின் பங்கு ஐந்தில் ஒன்று. அயர்னில் (முகம் அதிகம் சாய்ந்த, ட்ரைவரைவிடக் குறைந்த தூரத்துக்கான கிளப்) முகத்தின் பங்கு சற்றுக் குறையும், இருந்தாலும் பெரும்பங்கு முகத்துக்கே. வளைவு, இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியால் வருவது. முகம் பாதையைவிட வலப்பக்கம் திரும்பியிருந்தால் பந்தின் சுழல் அச்சு வலப்பக்கம் சாயும், பந்தும் வலப்பக்கம் வளையும்.

பக்கச் சுழற்சி என்று தனியாக ஒன்று பந்தில் கிடையாது. பந்துக்கு ஒரே சுழற்சிதான், ஒரே அச்சுதான். அந்த அச்சு கிடைமட்டமாக இருந்தால் பந்து மேலே மட்டும் தூக்கப்படும். விமானம் ஒரு இறக்கையைத் தாழ்த்தித் திரும்புவது போல அச்சு சாய்ந்தால், அந்தத் தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் இழுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதை 4 டிகிரி இடப்பக்கம், முகம் 1 டிகிரி வலப்பக்கம் என்று வையுங்கள். முகத்தின் ஐந்தில் நான்கு வலப்பக்கம் 0.8 டிகிரி, பாதையின் ஐந்தில் ஒன்று இடப்பக்கம் 0.8 டிகிரி. பந்து கோடு போட்டது போல நேராகக் கிளம்பும். ஆனால் இடைவெளி 5 டிகிரி, அதனால் போகப் போக வலப்பக்கம் வளைந்து ஓடும். நேராகத்தானே கிளம்பியது என்று பார்க்கிறவருக்குக் கோளாறு எங்கே என்றே புரியாது.

இங்கே பலரும் செய்யும் திருத்தம் நோயை முற்றவைக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் பார்த்து நின்று அடிக்கிறார்கள். பாதை மேலும் இடப்பக்கம் திரும்புகிறது, முகமோ இலக்கைப் பார்த்தபடியே இருக்கிறது. இடைவெளி கூடுகிறது, வளைவும் கூடுகிறது. பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் திருத்த வேண்டியது பாதையை. வலப்பக்கம் கிளம்பி மேலும் வலப்பக்கம் வளைந்தால் முகத்தை, அதாவது பிடியை. மோதும் நேரத்தில் முகம் எங்கே பார்க்கும் என்பதைப் பிடியைப் போல எளிதாக மாற்றக்கூடியது வேறெதுவும் இல்லை.

இதையெல்லாம் செய்யும் முன் பவுடரைப் பாருங்கள். இரண்டாவது காரணம் அங்கேதான் இருக்கிறது.

ட்ரைவர் தலை உள்ளே காலியான ஒரு பெரிய கூடு. அதன் நிறை மையம் முகத்திலிருந்து சில செ.மீ. பின்னால் இருக்கிறது. தண்டை ஒட்டிய ஹீல் பக்கம் பந்து பட்டால் அந்தப் பக்கம் பின்தள்ளப்பட்டு, தலை நிறை மையத்தைச் சுற்றித் திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது மையத்துக்கு முன்னால் இருக்கும் முகம் பக்கவாட்டிலும் நகர்கிறது, பந்தின் முதுகை உரசி எதிர்ப்பக்கம் சுழற்றிவிடுகிறது. ஒன்றோடொன்று பொருந்திய இரண்டு பற்சக்கரங்களில் ஒன்று இடம் சுற்றினால் மற்றது வலம் சுற்றுவது போல. இதற்குப் பெயரே கியர் எஃபெக்ட். ஹீலில் பட்டால் பந்து வலப்பக்கம் வளையும். தண்டுக்கு எதிர் நுனியான டோவில் பட்டால் இடப்பக்கம் வளையும். முகமும் பாதையும் பிசகே இல்லாமல் ஒத்துப்போனாலும் இது நடக்கும்.

ட்ரைவர் முகத்தைச் சற்றுப் புடைத்த மாதிரி செய்திருப்பது இதைச் சரிக்கட்டத்தான். டோ பக்கம் பட்ட பந்து அந்தப் புடைப்பினால் வலப்பக்கம் கிளம்பி, சுழற்சியினால் இடப்பக்கம் திரும்பி நடுவுக்கு வந்துசேரப் பார்க்கும். ஹீல் அடி இதற்கு நேர் எதிர். எனவே *இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளையும்* அடிக்குப் பாதைக் கோளாறும் காரணமாக இருக்கலாம், ஹீல் அடியும் காரணமாக இருக்கலாம். வானத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, பவுடர் ஒன்றுதான் வழி. தடம் ஹீலில் இருந்தால் சற்றுத் தள்ளி நில்லுங்கள், அல்லது வேண்டுமென்றே டோவில் அடிக்க முயலுங்கள். தடம் நடுவில் இருந்தும் வளைந்தால் மட்டும் முகம், பாதை என்று தேடப் போங்கள்.

அயர்னுக்கு இந்தப் பற்சக்கர விளைவு மிகவும் குறைவு. அதன் நிறை மையம் முகத்தை ஒட்டியே இருக்கிறது. டோவில் பட்டால் முகம் வலப்பக்கம் திறந்து, பந்து வேகம் இழந்து வலப்பக்கமாகப் போய் விழும். ட்ரைவரில் டோ அடி இடப்பக்கம் வளைகிறது, அயர்னில் அதே டோ அடி வலப்பக்கம் விழுகிறது என்று யாராவது சொன்னால் அவர் கவனித்தது சரிதான்.

அறிகுறி: இடப்பக்கம் வளைகிறது

ஹூக். மேலே சொன்னது அனைத்தையும் இடவலம் மாற்றிப் படித்தால் போதும். ஹீலுக்குப் பதில் டோ, திறந்த முகத்துக்குப் பதில் மூடிய முகம்.

அறிகுறி: வீசுகிற வேகத்துக்குத் தூரம் வரவில்லை

பந்தின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்தால் வருவது மோதலின் தரம். ட்ரைவரில் இதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. முகத்தின் மீட்சியளிப்பு குணகத்துக்கு (மோதியபின் விலகும் வேகத்துக்கும் மோதும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) விதி வைத்த எல்லை 0.83. பந்து 46 கிராம், தலை 200 கிராம். உந்தம் அழியாது என்ற விதியோடு இதைச் சேர்த்துக் கணக்கிட்டால், 1.83-ஐ 1.23-ஆல் வகுக்க, 1.49 கிடைக்கிறது. பிஜிஏ டூர் எனும் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரின் ஆட்டக்காரர்களின் தலை வேகம் சராசரியாக மணிக்கு 180 கி.மீ. சுமார், பந்தின் வேகம் 270 கி.மீ. சுமார். அதாவது அவர்கள் இந்த வரம்பின் விளிம்பிலேயே அடிக்கிறார்கள். உங்கள் அளவீட்டுக் கருவி 1.35 என்று காட்டினால், இன்னும் வேகமாக வீசுவதைவிட நடுவில் அடிப்பதில்தான் லாபம். 1.35-இலிருந்து 1.48-க்கு வந்தால் பந்தின் வேகம் பத்து சதவீதம்போல் கூடும், ஒரு துளி கூடுதல் பலம் இல்லாமல்.

எல்லா கிளப்புக்கும் இந்த எண்ணை எதிர்பார்க்காதீர்கள். அதே ஆட்டக்காரர்களுக்கு 7 அயர்னில் 1.33 அளவும், பிட்சிங் வெட்ஜில் (முகம் மிகவும் சாய்ந்த குறுந்தூரக் கிளப்) 1.23 அளவும்தான் வருகிறது. முகம் சாயச் சாய, மோதலில் ஒரு பங்கு பந்தை முன்னே தள்ளாமல் சுழற்றுவதற்குப் போய்விடுகிறது. வெட்ஜில் அந்த எண் குறைவதைக் கண்டு கவலைப்படுகிறவர்கள் உண்டு. அங்கே அது கோளாறில்லை, வெட்ஜின் வேலையே அதுதான்.

தலையைக் கனமாக்கினால் என்ன என்று தோன்றும். இரண்டு மடங்கு கனமான 400 கிராம் தலையிலும் அதே கணக்குப்படி 1.64 தான் வரும், பத்து சதவீத லாபம். ஆனால் அவ்வளவு கனத்தை அதே வேகத்தில் யாராலும் வீச முடியாது. லாபத்தைவிட நட்டம் பெரிது.

நடுவில் பட்டும் தூரம் வரவில்லையென்றால் குளிரா என்று பாருங்கள். குளிர்ந்த பந்து மீளும் திறனை இழக்கும், குளிர்ந்த காற்றும் அடர்த்தி கூடி இழுக்கும். அதுவும் இல்லையென்றால் அடுத்த அறிகுறிக்கு வாருங்கள்.

அறிகுறி: பந்து மேலே மேலே ஏறி, நின்று, செங்குத்தாக விழுகிறது

பின்சுழற்சி அளவுக்கு மீறிவிட்டது. பின்சுழற்சியே கூடாது என்று அர்த்தமில்லை. எடின்பரோவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெயிட் 1890-களிலேயே இதைக் கண்டார். பந்தோடு நீண்ட நாடாவைக் கட்டி அடித்து, அதில் விழுந்த முறுக்குகளை எண்ணிச் சுழற்சியை அளந்தவர் அவர். பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் அவ்வளவு நேரம் தாங்கிப் பிடிக்கிறது என்று விளக்கினார். அவர் மகன் ஃபிரெடி டெயிட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார். அப்பாவின் ஆய்வும் மகனின் ஆட்டமும் ஒரே வீட்டில் வளர்ந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் பரவசமாக இருக்கும்.

ட்ரைவரில் நல்ல சுழற்சி நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குப் பக்கத்தில். அது 4,000-ஐத் தொட்டால் மேலே சொன்ன அறிகுறி தெரியும். சுழற்சியைத் தீர்மானிப்பது இரண்டு கோணங்களின் வித்தியாசம்: மோதும்போது முகத்தின் சாய்வு, தலை ஏறியோ இறங்கியோ வரும் கோணம். சாய்வு 15 டிகிரி, தலை 4 டிகிரி இறங்கி வருகிறது என்றால் வித்தியாசம் 19. அதே சாய்வோடு 3 டிகிரி ஏறி வந்தால் வித்தியாசம் 12. பந்து கிளம்பும் உயரத்தைப் பெரிதாக மாற்றாமலேயே சுழற்சி வெகுவாகக் குறைந்துவிடும். டீயை (பந்தை ஏற்றிவைக்கும் சிறு குச்சி) உயர்த்துங்கள், பந்தை முன்காலுக்கு நேராகக் கொண்டுவாருங்கள், தலை தன் பாதையின் அடிப்புள்ளியைத் தாண்டி ஏறும்போது பந்தைச் சந்திக்கட்டும்.

பவுடரையும் மறக்க வேண்டாம். பற்சக்கர விளைவு மேல்கீழாகவும் வேலைசெய்யும். முகத்தின் கீழ்ப்பகுதியில் பட்டால் பந்து தாழக் கிளம்பும், சுழற்சி கூடும். மேல்பகுதியில் பட்டால் உயரக் கிளம்பும், சுழற்சி குறையும். தாழக் கிளம்பிய பந்து பாதி வழியில் திடீரென எழும்பினால் தடம் கீழே இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். பலர் இந்த நிலையில் சாய்வு குறைந்த ட்ரைவரை வாங்குகிறார்கள். டீயை ஒரு செ.மீ. உயர்த்துவதை முதலில் செய்து பாருங்கள்.

அறிகுறி: அயர்னில் மண் முந்திக்கொள்கிறது, அல்லது பந்தின் தலையில் தட்டுகிறது

எதிரெதிராகத் தெரியும் இந்த இரண்டும் ஒரே கோளாறு. தலையின் பாதையில் மிகத் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு முறை அது மண்ணைத் தோண்டுகிறது. மறுமுறை மண்ணுக்குப் பயந்து உடம்பு எழும்ப, ஏறி வரும் முகத்தின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் இடிக்கிறது.

பந்தின் ஆரம் 21 மி.மீ.க்குச் சற்று அதிகம். விளிம்பு அந்த உயரத்துக்கு மேல் வந்தால் பந்து தரையோடு அழுத்தப்பட்டு உருண்டோடும். ஆனால் அதிகம் பேர் கவனிக்காத எண் வேறு. 30 டிகிரி சாய்ந்த முகம், அடிப்பாகம் தரையைத் தொட்டபடி வந்தால், பந்தைத் தொடும் இடம் தரையிலிருந்து 1 செ.மீ. உயரம்தான். அயர்னின் நிறை மையம் அதைவிட மேலே இருக்கிறது. அதாவது புல்லை வழித்துக்கொண்டு போகும் சுத்தமான அடிகூட முகத்தின் கீழ்ப்பகுதியில்தான் படும். நிறை மையத்துக்கு நேரே பட வேண்டுமென்றால் முகத்தின் சாய்வைக் கைகள் முன்னால் போய்க் குறைக்க வேண்டும், தலையும் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் பந்துக்கு *முன்னால்* புல் சீவுவது இதனால்தான்.

சோதனை எளிது. மணலிலோ புல்லிலோ காலுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, பந்தே இல்லாமல் வீசுங்கள். தோண்டல் கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் கோளாறு அங்கேயே தெரிந்துவிட்டது. எடை முன்காலுக்குப் போகும்வரை பந்தை வைக்கவே வேண்டாம்.

அறிகுறி: பந்து சட்டென்று வலப்பக்கம் தெறிக்கிறது

ஷாங்க். முகம் பந்தைத் தொடவே இல்லை, தண்டு நுழையும் குழலின் வளைவில் பட்டிருக்கிறது. முகத்தின் நடுவுக்கும் அந்தக் குழலுக்கும் இடைவெளி சில செ.மீ.தான். தலை அவ்வளவு தூரம் உடம்பைவிட்டு வெளியே வந்திருக்கிறது. பந்துக்கு வெளிப்புறம் ஒரு பந்தகலம் தள்ளி ஒரு டீயைக் குத்திவையுங்கள். டீயைத் தொடாமல் பந்தை மட்டும் அடித்துப் பழகுங்கள்.

அறிகுறி: வெட்ஜ் மட்டும் எப்போதும் இடப்பக்கம்

ட்ரைவர் நேராகப் போகிறது, கிளப் குட்டையாகக் குட்டையாக இடப்பக்கம் விலகுகிறது என்றால் ஸ்விங்கைச் சந்தேகிக்காதீர்கள். தண்டு தலையோடு சேரும் கோணம் உங்களுக்குப் பொருந்தவில்லை. டோ தூக்கியிருந்தால் சாய்ந்த முகம் இடப்பக்கம் பார்க்கும், சாய்வு கூடக் கூட இன்னும் அதிகமாக. 46 டிகிரி வெட்ஜில் டோ 2 டிகிரி தூக்கியிருந்தால் முகம் ஏறக்குறைய 2 டிகிரி இடப்பக்கம் திரும்பும். 100 மீட்டரில் அது மூன்றரை மீட்டர். 10 டிகிரி ட்ரைவரில் அதே பிழை அரை டிகிரிகூட வராது.

இப்போது மார்க்கரை எடுங்கள். பந்தில் தடித்த கோடு வரைந்து, கோடு செங்குத்தாக முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். அதன் மேல்நுனி டோ பக்கம் சாய்ந்திருந்தால் டோ தூக்கியிருக்கிறது, ஹீல் பக்கம் சாய்ந்திருந்தால் டோ தாழ்ந்திருக்கிறது. கிளப் சீரமைப்பவரிடம் கொடுத்தால் கழுத்தை வளைத்துச் சரிசெய்துவிடுவார்.

அறிகுறி: நீண்ட புல்லிலிருந்து அடித்தால் தூரம் தாண்டி ஓடுகிறது

முகத்துக்கும் பந்துக்கும் இடையில் புல்லும் ஈரமும் புகுந்து உராய்வைக் குறைத்துவிட்டன. பந்து உயரக் கிளம்பும், சுழற்சி குறையும், விழுந்த இடத்தில் நிற்காது. முகத்தின் பள்ளக் கோடுகள் இந்த ஈரத்தை வெளியேற்றத்தான் இருக்கின்றன. 2010 முதல் அமலான விதி அந்தக் கோடுகளின் கொள்ளளவையும் விளிம்பின் கூர்மையையும் கட்டுப்படுத்தியது. ஆகவே துடைப்பதுதான் உங்கள் கையில் இருப்பது. ஒவ்வொரு அடிக்கும் முன் முகத்தைத் துடையுங்கள், ஒரு படி குறைந்த தூரத்துக்கான கிளப்பை எடுங்கள்.

அறிகுறி: ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரி

பத்துப் பந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடிக்கும் பின் தடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, துடைத்து, புதிதாகப் பவுடர் அடியுங்கள். பத்துத் தடங்களையும் ஒரே தாளில் புள்ளிகளாகக் குறித்துப் பாருங்கள். ஒரு மூலையில் கொத்தாக விழுந்திருந்தால் நிற்கும் தூரத்தையோ டீ உயரத்தையோ மாற்றினால் முழுக் கொத்தும் நடுவுக்கு நகரும். முகம் முழுவதும் சிதறியிருந்தால், வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து இன்னொரு பத்து அடித்துப் பாருங்கள். புள்ளிகள் நெருங்கும் வேகம் எதுவோ, பயிற்சியை அந்த வேகத்தில் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை அதே தாளின் பக்கத்தில் புதுப் பத்தைக் குறித்துவாருங்கள்.